பணமில்லாப் பொருளாதாரம்: பாதுகாப்பு யாருக்கு, இழப்பு யாருக்கு?

2016 டிசம்பர் 30 அன்று, பணமதிப்பு நீக்கம் அறிவிக்கப்பட்டு ஐம்பது நாட்கள் கடந்த நிலையில், ஒன்றிய அரசு ‘பீம்’ என்னும் பணப் பரிமாற்றச் செயலியை வெளியிட்டது. அண்ணல் அம்பேத்கரின் நினைவாகவே அப்பெயர் சூட்டப்பட்டதாகப் பிரதமர் கூறினார். 1923இல் ரூபாயின் சிக்கலைக் குறித்து நூல் எழுதிய பொருளியல் அறிஞரின் பெயர் இவ்வாறு ஒரு செயலிக்கு வந்து சேர்ந்தது. மக்களின் பணத்தை அதனை நிர்வகிப்போரின் விருப்புரிமைக்கு விட்டுவிடக் கூடாது, அதனைத் தெளிவான விதி கட்டுப்படுத்த வேண்டும் என்பது அந்நூலின் அடிப்படை வாதங்களுள் ஒன்று. பெயரை எடுத்துக்கொண்டவர்கள் அந்த வாதத்தையும் எடுத்துக்கொண்டார்களா என்பதே நம் கேள்வி.

மின்னணுப் பரிமாற்றம் பாதுகாப்பானதா என்று கேட்டால், தொழில்நுட்பத்தை மட்டும் ஆராய்ந்து விடை சொல்வது வழக்கம். கருவி பழுதாகும்போதோ, மோசடி நிகழும்போதோ, இணையம் நிறுத்தப்படும்போதோ இழப்பை யார் சுமப்பது என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் விடை முழுமை பெறும்.

ரொக்கம் ஒழியவில்லை

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவையாக்கப்பட்டன. மதிப்பின் அடிப்படையில் புழக்கத்திலிருந்த பணத்தில் 86 விழுக்காடு அவை. கறுப்புப் பணத்தை ஒழிப்பதாகத் தொடங்கிய பேச்சு, சில வாரங்களிலேயே ‘பணமில்லாப் பொருளாதாரம்’ என்று மாறியது. செல்லாதவையாக்கப்பட்ட தாள்களில் 99.3 விழுக்காடு வங்கிகளுக்குத் திரும்பிவிட்டதாக 2018இல் ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கையே தெரிவித்தது.

அதன் பிறகு நிகழ்ந்தவை இரண்டு. 2016 ஏப்ரலில் தேசியப் பணப் பரிமாற்றக் கழகம் அறிமுகப்படுத்திய யூபிஐ முறை, 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிமாற்றங்களைக் கடந்தது. அதே காலத்தில் புழக்கத்திலுள்ள ரொக்கமும் சுமார் 18 லட்சம் கோடி ரூபாயிலிருந்து 35 லட்சம் கோடிக்கு மேல் உயர்ந்தது. மக்கள் இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இது அறியாமை அன்று. ஒன்று கைவிடும்போது மற்றொன்று வேண்டும் என்னும் அனுபவ அறிவு.

பூட்டு எங்கே வலிமையானது, எங்கே பலவீனமானது

யூபிஐயின் அடிப்படை அமைப்பு வலுவானது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பதிவு செய்யப்பட்ட கைப்பேசியும் சிம் அட்டையும் ஒரு பூட்டு. பயனர் மட்டுமே அறிந்த இரகசிய எண் இன்னொரு பூட்டு. பொதுவாக இரண்டும் சேர்ந்தால்தான் பணம் நகரும்.

ஆனால் அமைப்பின் பிற பகுதிகள் உடைந்த வரலாறு உண்டு. 2016 அக்டோபரில், பல வங்கிகளைச் சேர்ந்த சுமார் 32 லட்சம் டெபிட் அட்டைகளின் விவரங்கள் களவு போயிருக்கலாம் என்ற அச்சம் எழுந்தது; ஏடிஎம் சேவை வழங்கிய ஒரு நிறுவனத்தின் கணினிகளில் தீநிரல் புகுந்ததே காரணம். 2018 ஆகஸ்டில் புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியின் கணினி அமைப்புக்குள் ஊடுருவியோர் சுமார் 94 கோடி ரூபாயைக் கொண்டுசென்றனர். 2025 மார்ச் 26, ஏப்ரல் 12 ஆகிய நாட்களில் யூபிஐ சேவையே நாடு முழுவதும் தடைபட்டது.

ஏழைகள் மிகுதியாகப் பயன்படுத்தும் வாயிலே இவற்றைவிடப் பலவீனமானது. ஆதார் வழிப் பணப் பரிமாற்ற முறையில் இரகசிய எண்ணும் இல்லை, ஓடிபியும் இல்லை. ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை ஆகிய மூன்றும் போதும். வங்கிக் கிளை இல்லாத ஊர்களில் முதியோர் உதவித்தொகையும் நூறுநாள் வேலைக் கூலியும் பெரும்பாலும் வங்கி முகவரின் சிறு கருவியில் விரல் வைத்தே பெறப்பட்டன. பத்திரப் பதிவு ஆவணங்களில் உள்ள கைரேகைகளைப் படியெடுத்து, சிலிக்கான் போன்ற பொருட்களில் போலி விரல் செய்து பணம் எடுத்த வழக்குகள் பல மாநிலங்களில் பதிவாகியுள்ளன. இரகசிய எண் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற இயலாது. உயிரோட்டமுள்ள விரல்தானா என்று சோதிக்கும் நுட்பத்தை ஆதார் ஆணையம் 2023இல் சேர்த்தது. ஆயினும், இயந்திரத்தில் ‘பணம் இல்லை’ என்று சொல்லி மீண்டும் மீண்டும் விரல் வைக்கச் செய்யும் முகவரை எந்த நுட்பமும் தடுக்காது. எழுத்தறியாத ஒருவருக்கு அச்சிட்ட இரசீதும் உள்ளூர் மொழியில் குரல் அறிவிப்பும் கட்டாயம் கிடைத்தால் மட்டுமே அது குறையும்.

ஏமாற்றப்பட்டவர் ‘கவனக்குறைவானவர்’ ஆவது எப்படி

உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்த கணக்கின்படி, சைபர் மோசடிகளில் மக்கள் இழந்த தொகை 2023இல் 7,465 கோடி ரூபாய். 2024இல் 22,845 கோடி ரூபாய். போலி முதலீடு, ‘டிஜிட்டல் கைது’ மிரட்டல் முதலியனவும் அடங்கிய மொத்தம் இது. யூபிஐ மோசடி மட்டுமன்று. ஆனால் இம்மோசடிகளில் பெரும்பாலானவற்றில் எவரும் கணினியை உடைப்பதில்லை. மனிதரின் அச்சத்தையோ தேவையையோ உடைக்கிறார்கள். ‘உங்கள் கல்வி உதவித்தொகை வந்துள்ளது, ஏற்றுக்கொள்ள இரகசிய எண்ணை இடுங்கள்’ என்னும் அழைப்பு அத்தகையது.

இங்கேதான் விதியின் நுட்பத்தை நாம் அறிந்திருக்க வேண்டும். அனுமதியற்ற மின்னணுப் பரிமாற்றங்கள் குறித்து ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை பின்வருமாறு வகுத்தது:

– வங்கியின் குறையால் இழப்பு நேர்ந்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை.
– வங்கியும் வாடிக்கையாளரும் அல்லாத மூன்றாம் தரப்பின் மீறலால் நேர்ந்து, மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தாலும் பொறுப்பு இல்லை.
– நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் 5,000 ரூபாய், பிற சேமிப்புக் கணக்குகளில் 10,000 ரூபாய் வரை வாடிக்கையாளர் ஏற்க வேண்டும்.
– தெரிவித்த பத்து வேலை நாட்களுக்குள் வங்கி அத்தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் புகாரை முடிக்க வேண்டும்.
– வாடிக்கையாளரே பொறுப்பு என்று மெய்ப்பிக்கும் சுமை வங்கியுடையது.

நல்ல விதிகள். ஆனால் வாடிக்கையாளரின் கவனக்குறைவால் இழப்பு நேர்ந்தால், அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான முழு இழப்பும் அவருடையது என்றது அதே சுற்றறிக்கை. மிரட்டப்பட்டோ ஏமாற்றப்பட்டோ தம் கையாலேயே இரகசிய எண்ணை இட்டவர் இந்தப் பிரிவில் தள்ளப்படுகிறார். பூட்டு உடையவில்லை, ஆகவே அமைப்பு பாதுகாப்பானது. நீங்கள்தான் திறந்தீர்கள் என்பது வாதம். மிக அதிகமாக நிகழும் மோசடிக்கு மிகக் குறைந்த பாதுகாப்பு என்பதே இதன் விளைவு.

வேறு வழி உண்டு. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தாமே பணம் அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டு வரை ஈடு செய்ய வேண்டும்; அனுப்பிய நிறுவனமும் பெற்ற நிறுவனமும் அதனைச் சரிபாதியாக ஏற்க வேண்டும். மோசடிப் பணம் வந்து சேரும் கணக்கைத் திறந்து கொடுத்த வங்கிக்கும் பொறுப்பு உண்டு என்று விதித்தால்தான் வங்கிகள் அத்தகைய கணக்குகளைத் தேடிக் களையும்.

இணையம் நிறுத்தப்படும் நாளில்

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து 2018 ஏப்ரல் 2 அன்று தலித் அமைப்புகள் நாடு தழுவிய முழு அடைப்பை நடத்தின. அப்போது பஞ்சாபிலும், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் பல பகுதிகளிலும் இணையச் சேவை நிறுத்தப்பட்டது. ஜம்மு காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் தொலைபேசியும் இணையமும் துண்டிக்கப்பட்டன. 4ஜி சேவை முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில்தான். மணிப்பூரில் 2023 மே முதல் மாதக்கணக்கில் கைப்பேசி இணையம் இல்லை.

ரொக்கம் இல்லாத ஊரில் இணையம் நிறுத்தப்பட்டால் பேச்சுரிமை மட்டும் நிற்பதில்லை. காயம்பட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வண்டிக்கூலி, மருந்து, ஊருக்குத் திரும்பும் பேருந்துக் கட்டணம் யாவும் நிற்கும். சாதாரணக் கைப்பேசிகளுக்கான 123பே முறையும் *99# முறையும் இணையமின்றி இயங்குபவை. ஆனால் அழைப்புச் சேவையும் துண்டிக்கப்பட்டால் அவையும் பயனற்றவை. இணையம் வழித் தொழில் நடத்துவது அரசமைப்பின் 19ஆம் பிரிவின் பாதுகாப்புக்கு உட்பட்டது என்று 2020 ஜனவரியில் அனுராதா பசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிய பிறகும் துண்டிப்புகள் ஓயவில்லை. போராடுவோரைப் பொறுத்தவரை ரொக்கம் என்பது எவரும் அணைக்க முடியாத பணம்.

திரையில் தெரியும் பெயர்

மின்னணுப் பணம் தலித் மக்களுக்குத் தந்த நன்மைகளை மறைக்க வேண்டியதில்லை. கூலியைக் கையில் படாமல் மேலிருந்து போடும் இழிவு க்யூஆர் குறியீட்டில் நிகழாது. வங்கிக் கணக்கில் வந்த கூலி, குறைந்தபட்சக் கூலி வழக்கிலும் கொத்தடிமை மீட்பு வழக்கிலும் சான்றாக நிற்கும். பட்டியல் சாதி மாணவர்களின் மேற்படிப்பு உதவித்தொகையில் ஒன்றிய அரசின் பங்கு நேரடியாக மாணவர் கணக்கில் வரவாகிறது, இடைத்தரகர் குறைகிறார்.

ஆனால் தீண்டாமை இடம் மாறும் தன்மையுடையது. போலிப் பெயர்களைத் தடுப்பதற்காக, பணம் பெறுபவரின் வங்கிப் பதிவுப் பெயரை மட்டுமே திரையில் காட்ட வேண்டும் என்று 2025இல் பணப் பரிமாற்றக் கழகம் விதித்தது. மோசடித் தடுப்புக்கு இது தேவையான விதியே. சாதியைச் சுட்டும் பெயர்கள் வழக்கிலுள்ள மாநிலங்களிலோ, ஒவ்வொரு முறை பணம் செலுத்தும்போதும் விற்பவரின் குடும்பப் பெயர் வாங்குபவருக்குத் தெரிகிறது. உணவு விற்கும் ஒரு தலித் பெண்ணுக்கு இதன் பொருள் என்ன என்பதை விதி வகுத்தோர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. கைப்பேசி எண்ணே யூபிஐ முகவரியாக அமையும்போது அவரது எண்ணும் அந்நியர் கைக்குப் போகிறது.

கைப்பேசியே பலரிடம் இல்லை என்பது அடுத்த உண்மை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருந்த பெண்கள் 54 விழுக்காட்டினர். இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியிருந்தவர்கள் 33.3 விழுக்காட்டினர். பிறர் கைப்பேசியில் தம் பணத்தை வைத்திருப்பவருக்கு இரகசிய எண் என்பது இரகசியமன்று.

மாணவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

1. பணம் பெற இரகசிய எண் தேவையில்லை. எண்ணைக் கேட்டால் உங்கள் பணம் வெளியேறப் போகிறது என்று பொருள்.
2. மோசடி நேர்ந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். வங்கிக்கும் எழுத்தில் தெரிவித்துப் புகார் எண்ணைப் பெறுங்கள். பணம் சில மணி நேரத்திலேயே பல கணக்குகளைத் தாண்டிவிடும். முதல் மணி நேரமே முக்கியமானது.
3. வங்கி 30 நாட்களுக்குள் பதிலளிக்காவிட்டாலோ பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம், கட்டணம் இல்லை.
4. ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி உண்டு. வீட்டிலுள்ள முதியோருக்கும் அதனைச் செய்து கொடுங்கள். பணம் எடுக்கும்போது மட்டும் திறந்தால் போதும்.
5. சில ஆயிரங்களுக்காக உங்கள் வங்கிக் கணக்கை எவருக்கும் ‘வாடகை’க்குத் தராதீர்கள். மோசடிக் கும்பல்கள் ஏழை மாணவர்களையும் கூலித் தொழிலாளர்களையுமே இதற்குத் தேடுகின்றன. வழக்கு, கணக்கின் பெயரில் உள்ளவர் மீதே முதலில் வரும், கும்பல் தப்பிவிடும்.

நாம் கோர வேண்டியவை

கட்டணங்களுள் ஒன்றாக மின்னணுப் பரிமாற்றம் போதுமான அளவு பாதுகாப்பானது. ஒரே வழியாக அதனை ஆக்கும் அளவுக்கு அது பாதுகாப்பானதன்று. ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. ஏமாற்றப்பட்டுத் தாமே பணம் அனுப்பியவருக்கும் ஈடு கிடைக்க வேண்டும். அடிப்படைச் சேமிப்புக் கணக்குகளுக்கு அது முழுமையாகவும் விரைவாகவும் கிடைக்க வேண்டும். கைரேகை மட்டுமே போதும் என்ற நிலை மாறி, பயனாளி விரும்பினால் இரண்டாவது பூட்டு வேண்டும். கூலியும் உதவித்தொகையும் களவு போனால், பணம் பயனாளியின் கைக்குச் சேரவில்லை என்று கருதி அரசே அதனை மீண்டும் வழங்க வேண்டும். பேருந்து, மருத்துவமனை, நியாயவிலைக் கடை, கல்லூரி ஆகிய இடங்களில் ரொக்கத்தை மறுக்கக் கூடாது.

இவை விதிகளாக எழுதப்படும் வரை, ஏழையின் பணம் வங்கி மேலாளரின் நல்லெண்ணத்தையும் காவல் நிலையத்தின் மனநிலையையும் நம்பியே இருக்கும். அண்ணலின் பெயரைத் தாங்கிய செயலிக்கு அந்நிலை பொருந்தாது.