இருபது நாளில் ஓர் அரசு

அரசு சட்டத்துக்கு வெளியே நிற்கும் பூதமல்ல, சட்ட ஒழுங்கேதான் அரசு என்றவர் ஹான்ஸ் கெல்சன். அறம், மதம், அரசியல் அனைத்தையும் கழித்துவிட்டுச் சட்டத்தை மட்டும் பார்ப்பது அவரது 'தூய' சட்டக் கோட்பாடு. ஒவ்வொரு விதியும் தனக்கு மேலுள்ள விதியிலிருந்து செல்லுபடியைப் பெறுகிறது. உச்சியில் ஓர் அடிப்படை நெறி. புரட்சி வென்று, புதிய ஒழுங்குக்கு மக்கள் கீழ்ப்படிந்துவிட்டால் அந்த நெறியே மாறிவிடும். இந்தத் தூய்மை யாருக்குப் பயன்பட்டது என்பதே என் கேள்வி.

பாகிஸ்தானில் நடந்ததைப் பார்ப்போம். பலூசிஸ்தானின் லோராலாய் பகுதியைச் சேர்ந்த டோசோ மீது கொலைக் குற்றச்சாட்டு. வெள்ளைக்காரன் 1901இல் போட்ட எல்லைப்புறக் குற்றச் சட்டத்தின்படி ஜிர்காவுக்கு அனுப்பித் தண்டித்தார்கள். 1956 அரசியல் சாசனம் தந்த சமத்துவ உரிமைக்கு இது முரண் என்றது உயர் நீதிமன்றம். அரசு மேல்முறையீடு செய்தது. வழக்கு முடியுமுன், 1958 அக்டோபர் 7 அன்று ஜனாதிபதி இஸ்கந்தர் மிர்சா சாசனத்தையே ரத்து செய்து ராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்தார். 10ஆம் தேதி ஓர் ஆணை: நீதிமன்றங்கள் இருக்கும், பழைய சட்டங்களும் இருக்கும், சாசனம் மட்டும் கிடையாது. 27ஆம் தேதி தலைமை நீதிபதி முகம்மது முனீர் கெல்சனைத் துணைக்கழைத்துத் தீர்ப்பளித்தார். வென்ற புரட்சி சட்டத்தைப் படைக்கும். ஆக, சாசனத்தோடு உரிமையும் போச்சு. அன்றிரவே மிர்சாவை விரட்டிவிட்டு அயூப்கான் உட்கார்ந்தார்.

செத்தது இரண்டரை வயதுச் சாசனம். பிழைத்தது 57 வயதுக் காலனியச் சட்டம். துப்பாக்கிக்கு முன்னால் வாயை மூடிக்கிட்டிருப்பதும் சம்மதமும் ஒண்ணா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய நீதிபதியின் நாற்காலியும் அதே 10ஆம் தேதி ஆணையின் மேல்தான் நின்றது.

கெல்சனைத் திட்டிவிட்டு நகர்வது சுலபம். 1933இல் கொலோன் பல்கலைக்கழகப் பதவியை நாஜிகளிடம் பறிகொடுத்தவர் அவர். எது சட்டமாகிறது என்று விவரிப்பது வேறு, அதற்குப் பணிய வேண்டும் என்பது வேறு என்று பிரித்தவர். ஆனால் 'கீழ்ப்படிந்தாயிற்று' என்று யாராவது அறிவித்தாக வேண்டும். அந்த அறிவிப்பு நீதிமன்றத்திலிருந்து வரும்போது, விவரணை சான்றிதழாகிவிடுகிறது.

1972இல் அஸ்மா ஜிலானி வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் இத்தீர்ப்பைத் தூக்கியெறிந்தது, யாஹ்யாகானை அபகரிப்பாளர் என்றது. அப்போது யாஹ்யாகான் பதவியில் இல்லை. 1977இல் ஜியா உல் ஹக் வந்ததும், கெல்சன் இல்லாமலேயே 'அவசியம்' என்ற பெயரில் ராணுவ ஆட்சி செல்லுபடியாயிற்று. டோசோவைத் தண்டித்த சட்டம் பழங்குடிப் பகுதிகளில் 2018 வரை உயிரோடிருந்தது. ஓர் அரசை அறிய அதன் சாசனத்தைப் படித்தால் போதாது. சாசனம் செத்த மறுநாளும் எந்தச் சட்டம் வேலைக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும்.