தட்டும் மூடியும் துப்பாக்கிக் காம்பும்

தட்டும் மூடி என்பது வாய்வழியே மருந்து இடப்படும் துப்பாக்கிகளில் வெடிப்பைத் தொடங்கி வைக்கும் சிறிய செம்புத் தொப்பி ஆகும். பேச்சு வழக்கில் இது ‘கேப்’ எனப்படுகிறது. அடிபட்டால் வெடிக்கும் வேதிப்பொருள் இதன் உட்புறத்தில் சிறிதளவு இடப்பட்டிருக்கும். குழலின் பின்முனையருகே திருகப்பட்ட, நிப்பிள் எனப்படும் துளையுள்ள எஃகுக் காம்பின் மேல் இது செருகப்படும். சுத்தியல் மூடியைத் தட்டியதும் எழும் தீ, காம்பின் துளை வழியே குழலுக்குள் உள்ள வெடிமருந்தை எட்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெரும்பாலான படைகளின் துப்பாக்கிகள் இம்முறையில் இயங்கின.

தீக்கல் துப்பாக்கியின் குறைகள்

தட்டும் மூடிக்கு முன் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தீக்கல் துப்பாக்கிகளே புழக்கத்தில் இருந்தன. இவற்றில் விசையை இழுத்ததும் தீக்கல் ஓர் எஃகுத் தகட்டில் உரசும். அதில் பறக்கும் பொறி, திறந்த கிண்ணத்தில் உள்ள பற்றுமருந்தில் விழும். அந்தத் தீ பக்கத் துளை வழியே குழலுக்குள் செல்லும். காற்று அடித்தால் பற்றுமருந்து பறந்துவிடும். மழை பெய்தால் நனைந்துவிடும். விசையை இழுப்பதற்கும் குண்டு வெளிப்படுவதற்கும் இடையே உணரத்தக்க தாமதமும் இருந்தது.

கண்டுபிடிப்பு

பாதரச ஃபுல்மினேட் என்னும் வெடிப்பொருளைப் பற்றி ஆங்கிலேய வேதியியலாளர் எட்வர்ட் சார்லஸ் ஹோவர்ட் 1800இல் விளக்கமாக எழுதினார். இத்தகைய பொருள்களைக் கொண்டு துப்பாக்கியை இயக்கும் வழியைக் கண்டவர் அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சித். இவர் ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி ஊரில் தேவாலயப் போதகராக இருந்தவர். பறவை வேட்டையில் ஈடுபாடு கொண்டவர். கிண்ணத்தில் எழும் தீயைக் கண்டே பறவைகள் தப்பிவிடுவது அவரை மாற்றுவழி தேடச் செய்தது. 1807இல் அவர் காப்புரிமை பெற்ற கருவி, வாசனைத் திரவியக் குப்பி போன்ற ஒரு சிமிழிலிருந்து வெடித்தூளைச் சிறிது சிறிதாக எடுத்துக் கொடுத்தது.

தூளைத் தளர்வாக வைத்திருப்பது ஆபத்தானது. அதைச் சிறு அளவுகளாகப் பிரித்து அடைப்பதற்கு உருண்டை, காகித வில்லை, உலோகக் குழாய் எனப் பல வடிவங்கள் முயலப்பட்டன. இறுதியில் செம்பு மூடியே நிலைத்தது. அதைக் கண்டுபிடித்தது தாமே என்று பலர் உரிமை கோரினர். அவர்களுள் இங்கிலாந்திலிருந்து ஃபிலடெல்ஃபியாவில் குடியேறிய ஓவியர் ஜோஷுவா ஷா குறிப்பிடத்தக்கவர். அவருக்கு 1822இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

காம்பும் மூடியும் பொருந்தும் விதம்

இம்முறையின் நம்பகத்தன்மை மூடிக்கும் காம்புக்கும் உள்ள பொருத்தத்தில் அடங்கியிருந்தது. காம்பின் அடிப்பகுதியில் திருகுமரை இருக்கும். தேய்ந்த காம்பைத் தனிச் சாவியால் கழற்றிப் புதியதை மாட்டலாம். மேல்பகுதி நுனியை நோக்கிச் சற்றே ஒடுங்கியிருக்கும். மூடி தளர்வாக இருந்தால் நடக்கும்போதே உதிர்ந்துவிடும். இறுக்கமாக இருந்தால் அடிவரை இறங்காது. சுத்தியலின் முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே வீணாகி, வெடிக்க இரண்டாம் அடி தேவைப்படும்.

வீரர் முதலில் மருந்தையும் குண்டையும் குழலில் இட்டுக் கம்பியால் கெட்டிப்பார். சுத்தியலைப் பாதி நிலையில் நிறுத்திய பிறகே மூடியைப் பொருத்துவார். மூடி வெடிக்கும்போது செம்புத் துண்டுகள் கண்ணில் தெறிக்காதிருக்கச் சுத்தியலின் முகம் குழிவாகச் செய்யப்பட்டது. எண்ணெயோ கரியோ காம்பின் துளையை அடைத்துவிடுவதும் உண்டு. எனவே மருந்து இடுவதற்கு முன் வெறும் மூடியை வெடித்துத் துளையைத் துப்புரவாக்கும் பழக்கம் இருந்தது. மூடி மிகச் சிறியது என்பதால் குளிரிலும் பதற்றத்திலும் விரலிலிருந்து நழுவிவிடும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் 10 தோட்டாக்கள் கொண்ட பொட்டலத்தில் 12 மூடிகள் வைக்கப்பட்டன.

வுல்விச் சோதனை

1834இல் பிரித்தானிய அரசு வுல்விச்சில் இரு வகைத் துப்பாக்கிகளையும் ஒப்பிட்டுச் சோதித்தது. ஒவ்வொரு வகையிலும் 6,000 முறை சுடப்பட்டது. தீக்கல் துப்பாக்கிகள் 922 முறை வெடிக்கத் தவறின. மூடித் துப்பாக்கிகள் 36 முறை மட்டுமே தவறின. இதன் பிறகும் படைகளுக்குப் புதிய துப்பாக்கிகள் போய்ச்சேரப் பல ஆண்டுகள் ஆயின.

சான்யுவான்லி, 1841

அந்தத் தாமதத்தின் விலை முதலாம் அபினிப் போரில் வெளிப்பட்டது. 1841 மே 30 அன்று கான்டன் நகருக்கு வடக்கே சான்யுவான்லி ஊர்ப்பகுதியில், ஆயிரக்கணக்கான சீனக் கிராமத்தவர் பிரித்தானியப் படையை எதிர்த்துத் திரண்டனர். அப்போது இடியுடன் பெருமழை பெய்தது. பின்வாங்கும்போது 37ஆம் மதராஸ் காலாட்படையின் ஒரு பிரிவு மற்றவர்களிடமிருந்து தனித்துப் போயிற்று. தமிழ், தெலுங்குப் பகுதிகளிலிருந்தும் ஆள்சேர்த்த மதராஸ் படையைச் சேர்ந்த அந்தச் சிப்பாய்களிடம் தீக்கல் துப்பாக்கிகளே இருந்தன. பற்றுமருந்து நனைந்து அவை சுடவில்லை. வயல்வெளியில் சதுர அணி வகுத்து, துப்பாக்கி முனை ஈட்டிகளைக் கொண்டே சிப்பாய்கள் தாக்குப்பிடித்தனர்.

அவர்களைத் தேடிக் கடற்படை வீரர்களின் இரண்டு பிரிவுகள் அனுப்பப்பட்டன. அவர்களிடம் மூடித் துப்பாக்கிகள் இருந்தன. அதே மழையில் அவை வெடித்தன, சிப்பாய்கள் மீட்கப்பட்டனர். சீனாவில் இந்நிகழ்வு அந்நியரை எதிர்த்த மக்கள் போராட்டமாக நினைவுகூரப்படுகிறது. படைக்கல வரலாற்றிலோ, மூடியின் மேன்மைக்குப் போர்க்களம் தந்த சான்றாக இது எடுத்துக்காட்டப்படுகிறது.

பரவலும் மறைவும்

பழைய தீக்கல் துப்பாக்கிகள் பல வீசப்படவில்லை. கிண்ணத்தையும் எஃகுத் தகட்டையும் நீக்கி, பக்கத் துளை இருந்த இடத்தில் காம்பைப் பொருத்தி, சுத்தியலை மாற்றினால் போதுமானதாக இருந்தது. புதிதாகச் செய்யப்பட்டவற்றுள் 1853ஆம் ஆண்டு வடிவமான என்ஃபீல்டு துப்பாக்கி புகழ்பெற்றது. 1857 கிளர்ச்சிக்கு ஒரு தூண்டுகோலான கொழுப்பு தடவிய தோட்டா இதற்கானதே.

மூடிகளை ஒவ்வொன்றாகப் பொருத்தும் சிரமத்தைக் குறைக்க, அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் மேனார்ட் வெடிப்பொட்டுகள் பதித்த காகிதச் சுருளை 1845இல் அறிமுகப்படுத்தினார். ஈரத்தில் அது பழுதானதால் படையில் நிலைக்கவில்லை. தீபாவளிக்குச் சிறுவர் வெடிக்கும் சுருள் கேப்பும் இதே அமைப்பைக் கொண்டது.

1860களில் பின்வழியே தோட்டா இடும் துப்பாக்கிகள் பரவியதும் காம்பு தேவையற்றதாயிற்று. மூடி மட்டும் மறையவில்லை. உலோகத் தோட்டாவின் அடிப்பகுதிக்குள் இடம்பெயர்ந்தது. இன்றைய தோட்டாக்களின் பின்புறத்தில் தெரியும் சிறு வட்டம் அதன் வழித்தோன்றலே.