கையை உயர்த்திய பெண்கள்

மார்பகப் புற்றுநோய் என்ற பேச்சு வந்தால் நம் வீடுகளில் குரல் தாழ்ந்துவிடும். ‘மாரில் கட்டி’ என்று சொல்ல நம் தாய்மார்கள் கூசுவார்கள். பெற்ற மகளிடம்கூடச் சொல்லாமல் மறைத்தவர்கள் உண்டு. இந்தக் கூச்சம் நமக்கு மட்டும் உரியதன்று. செல்வம் கொழித்த அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இதே நிலைதான். அங்கே அது எப்படி மாறத் தொடங்கிற்று என்பதை இன்று பார்ப்போம்.

பால்டிமோர் நகரத்து அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1890-களில் ஒரு சிகிச்சையைப் பரப்பினார். மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள தசைகளையும், அக்குளில் நெறி கட்டுமே, அந்த நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து எடுத்துவிடுவது அவர் முறை. அரை நூற்றாண்டுக்கு மேல் இதுவே வழக்கமாக இருந்தது. பிழைத்த பெண்களில் பலருக்குக் கை தோளுக்கு மேல் எழாது. சிலருக்குக் கை வீங்கிப் பருத்துவிடும். மரம் சீவியும் புல் வெட்டியும் பிழைத்த குடும்பங்களுக்குக் கையின் அருமையைச் சொல்லவேண்டுமா? தலை வாரவும், கொடியில் துணி போடவும், பிள்ளையைத் தூக்கவும் அதுதானே வேண்டும்!

1952-இல் நியூயார்க்கில் டெரீஸ் லாசர் என்ற பெண்மணிக்கு இந்தச் சிகிச்சை நடந்தது. கையை எப்படிப் பழக்குவது, என்ன உடுத்துவது, வீட்டாரிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்கு எடுத்துச் சொல்வாரில்லை. தாமாகவே வழி தேடிக்கொண்ட அவர், பிறகு அதே நிலையில் கிடந்த பெண்களைத் தேடிப் போனார். மருத்துவர்கள் பலர் இதை விரும்பவில்லை. அவரோ விடவில்லை. நன்றாக உடுத்திக்கொண்டு, சிரித்த முகத்தோடு கட்டிலருகே போய் நிற்பார். தமக்கும் இதே சிகிச்சை நடந்தது என்பார். பார்த்தவர்கள் நம்பமாட்டார்கள்!

அவர் கொண்டுபோன பொருள்கள் எளியவை: ஒரு கயிறு, ஒரு சிறு ரப்பர்ப் பந்து, சட்டைக்குள் வைத்துக்கொள்ளத் தற்காலிகமாக ஒரு பஞ்சு மார்பு. (அந்தப் பந்தில் நம் தோட்டத்துப் பாலும் கலந்திருந்ததோ என்னவோ!) சுவரில் விரல்களை ஊன்றி நாளுக்கு நாள் சற்று மேலே ஏற்றுவதும் பயிற்சிகளில் ஒன்று. 1969-இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் இந்தப் பணியை ஏற்றுக்கொண்டது. நோயை வென்ற பெண்கள், மருத்துவரின் இசைவோடு, புதிய நோயாளிகளைப் பார்க்கப் போனார்கள். 1974-இல் அது ஐரோப்பாவுக்கும் சென்றது.

எல்லாருக்கும் இது பிடித்துவிடவில்லை. ஆட்ரி லார்ட் என்ற கறுப்பினக் கவிஞருக்கு 1978-இல் மார்பகம் எடுக்கப்பட்டது. பார்க்க வந்த அம்மையார் கொடுத்த பஞ்சு மார்பை அவர் ஏற்கவில்லை. இழந்ததை மறைத்தால், இழந்த பெண்கள் ஒருவரையொருவர் எப்படி அடையாளம் காண்பது என்பது அவர் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறதென்றே நமக்குத் தோன்றுகிறது.

1985-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கட்டி சிறிதாயின் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும் உயிர்காப்பதில் குறைவில்லை என்று காட்டிற்று. ஆனால் கையைப் பற்றிய அச்சம் மட்டும் போகவில்லை. அக்குளில் கத்தி பட்டவர்கள் கடுமையாகக் கை வீசி வேலை செய்தால் வீக்கம் வரும் என்றே மருத்துவர்கள் எச்சரித்து வந்தனர்.

பினாங்கில் டிராகன் படகுப் போட்டியைப் பார்த்திருப்பீர்கள். மத்தளம் முழங்க, இருபது பேர் ஒரே வீச்சில் துடுப்புப் போடுவார்கள். கனடாவின் வான்கூவர் நகரிலும் இந்தப் போட்டி உண்டு. அங்கே டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர், 1996-இல், இந்நோய் கண்ட 24 பெண்களைச் சேர்த்தார். உடலைச் சிறிது சிறிதாகப் பழக்கி, பிறகு படகில் ஏற்றினார். எவருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை என்று 1998-இல் அவர் எழுதினார்.

ஒரு பருவத்துக்கென்று தொடங்கிய சோதனை அது. பருவம் முடிந்தது, பெண்கள் துடுப்பைக் கீழே வைக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். இன்று பல நாடுகளில் அத்தகைய படகுகள் ஓடுகின்றன.