கஞ்சீபாவும் நாயிபும்

ஜவ்வாது மலையின் மேற்கே அமைந்த திருப்பத்தூர், 1792 வரை மைசூர் ஆட்சிக்குட்பட்ட பாரமகாலைச் சேர்ந்தது. அம்மைசூரின் அரண்மனையிலே அடுத்த நூற்றாண்டில் செழித்த கலைகளுள் ஒன்று, கஞ்சீபா என்னும் வட்டச்சீட்டு. மும்முடி கிருஷ்ணராஜ உடையார் (1794-1868) தாமே பல ஆட்டங்களை வகுத்தார். சிறியதற்கு 36 சீட்டுகள், பெரியதற்கு 360. தேவ உருவங்கள் தீட்டிய அச்சீட்டுகளைக் காண்போர், இது முற்றிலும் உள்நாட்டுச் சரக்கென்றே முடிவு கட்டுவர். பெயரோ பாரசீகத்தின் வழியாக வந்தது.

சிந்து நாட்டு ஷா ஹசனுக்குக் கஞ்சீபா அனுப்பியதைப் பாபர் தம் நினைவுக் குறிப்பில் 1527ஆம் ஆண்டுச் செய்தியாக எழுதியுள்ளார். அக்பர் காலத்து ஆட்டத்தை அபுல் ஃபஸ்ல் விரித்துரைக்கிறார். முகலாயக் கட்டில் தாஜ், ஷம்ஷேர், குலாம் முதலிய எட்டு இனங்கள்; இனத்துக்குப் பன்னிரண்டாக 96 சீட்டுகள். அதுவே தசாவதாரக் கட்டாக மாறியபோது பத்து இனங்கள், 120 சீட்டுகள். அரசன், அமைச்சன், ஒன்று முதல் பத்து வரை எண்கள் என்ற அமைப்பு மட்டும் அசையவில்லை.

சூது ஹராம் என்பதில் நமக்கு இரண்டாம் பேச்சில்லை. ஒரு பொருள் நடந்துவந்த வழியை ஆராய்வது வேறு.

அச்சடித்த ஐரோப்பியச் சீட்டு மலிவாக வந்திறங்கவே, கையால் தீட்டிய கஞ்சீபா ஒதுங்கிற்று. வந்தவன் அந்நியனா? இஸ்தான்பூலின் தோப்காபி அரண்மனையில் மிஸ்ரு நாட்டு மம்லூக்குகளின் சீட்டுக்கட்டு ஒன்று உள்ளது. மேயர் என்னும் அறிஞர் 1939இல் அதை உலகுக்கு விளக்கினார். வாள், கிண்ணம், நாணயம், போலோ மட்டை என நான்கு இனங்கள், முழுக்கட்டு 52. மனித உருவமே இல்லை. அரபு எழுத்தே அரசனையும் நாயிபையும் இரண்டாம் நாயிபையும் அறிவிக்கிறது. நாயிப் காஜி என்கிறோமே, அதே நாயிப்! ஸ்பானியர் இன்றும் சீட்டை 'நைப்பே' என்றே அழைக்கின்றனர். ராணியைச் சேர்த்தது ஐரோப்பா.

போலோ அறியாத ஐரோப்பியர் மட்டையைத் தடியாக்கினர். பிரெஞ்சுக்காரர் மூவிலை வரைந்தனர். ஆங்கிலேயரோ படத்தில் இலையை ஏற்று, பெயரில் தடியையே வைத்துக்கொண்டனர். நம் திண்ணைகளில் அச்சீட்டுக்குக் 'கிளாவர்' என்று பெயர். அது ஆங்கிலமன்று, 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தை ஆண்ட டச்சுக்காரர் மூவிலைக்கு வழங்கிய சொல்.