பெயரை வெட்டியவருக்குப் பெயரில்லை

பாத்திரக்கடைகளில் பெயர் வெட்டும் வழக்கம் நம் நாட்டில் பலரும் அறிந்தது. சீர்வரிசைக் குடத்திலும் தாம்பாளத்திலும் கொடுப்பவரின் பெயரும் நாளும் பொறிக்கப்படும். அவற்றைப் பொறித்தவரின் பெயர் அந்தப் பாத்திரத்தில் எங்கும் இராது. உலோகத்தில் எழுத்து வெட்டும் தொழிலாளர்கள் எல்லா நாடுகளிலும் பெரும்பாலும் இப்படியே வரலாற்றிலிருந்து மறைந்திருக்கிறார்கள். வியட்நாம் போர்க்காலத்தில் சிகரெட் லைட்டர்கள்மீது கையால் பொறித்த வியட்நாமியக் கைவினைஞர்களின் கதை இதற்கு ஓர் அரிய சான்று. அவர்களின் கைவேலை இன்று உலகெங்கும் விலை பேசப்படுகிறது. அவர்கள் யார் என்பதை அந்த வேலைப்பாடு எதுவும் சொல்வதில்லை.

ஜிப்போ என்னும் அந்த லைட்டர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள பிராட்ஃபோர்டு நகரில் தோன்றியது. ஜார்ஜ் பிளைஸ்டெல் 1932-ல் நிறுவனத்தைத் தொடங்கினார். காற்றில் அணையாத சுடர், மூடியைத் திறந்து ஒரே கையால் பற்றவைக்கும் வசதி, பழுதானால் காசு வாங்காமல் சரிசெய்து தரும் உறுதி ஆகியவை அதனைப் பரப்பின. இரண்டாம் உலகப் போரின்போது அந்நிறுவனத்தின் உற்பத்தி படையினருக்கே ஒதுக்கப்பட்டது. பித்தளை போர்த்தேவைக்குப் போய்விட்டதால் எஃகு உறையில் கறுப்புப் பூச்சுடன் லைட்டர்கள் வெளிவந்தன. அக்காலம் முதல் அது அமெரிக்கப் படைவீரனின் சட்டைப்பையில் நிலைத்துவிட்ட பொருளாயிற்று.

1965 மார்ச் 8 அன்று அமெரிக்கக் கடற்படைக் காலாட்படைப் பிரிவுகள் தா நாங் கடற்கரையில் இறங்கின. 1969-ல் வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படையினர் எண்ணிக்கை ஐந்து லட்சத்து நாற்பதாயிரத்தைத் தாண்டியது. உணவுப் பொட்டலத்துடன் சிகரெட்டும் வழங்கப்பட்ட காலம் அது. படைமுகாம் கடைகளில் லைட்டர் மலிவாகக் கிடைத்தது. ஒரே சீருடை, ஒரே துப்பாக்கி, ஒரே உணவு என்று வாழ்ந்தவர்களுக்குத் தம்முடையது என்று சொல்லிக்கொள்ளச் சிறு பரப்பொன்று தேவைப்பட்டது. தரைப்படை வீரர் ஒருவரின் பணிக்காலம் வழக்கமாகப் பன்னிரண்டு மாதங்கள். அந்த ஓராண்டின் பெயரும் ஊரும் உணர்வும் ஏறும் ஏடாக லைட்டரின் உறை மாறியது. எழுதித் தந்தவர்கள் முகாம்களை ஒட்டியும் நகரத் தெருக்களிலும் கடை விரித்திருந்த வியட்நாமியக் கைவினைஞர்கள்.

வேலை எளிதன்று. லைட்டரின் அகலம் நான்கு சென்டிமீட்டருக்கும் குறைவு. உயரம் ஆறு சென்டிமீட்டருக்கும் குறைவு. அதிலும் மூடியும் உடலும் பிரியும் கோடு குறுக்கே ஓடுகிறது. படமும் எழுத்தும் அக்கோட்டுக்கு மேலும் கீழுமாகப் பகிர்ந்து அமைய வேண்டும். பித்தளை உறையின்மேல் குரோமியப் பூச்சு மெல்லியதாயினும் கடினமானது. உளி வழுக்கினால் விழுந்த கீறலை அழிக்க முடியாது. வளைந்த எழுத்து வெட்டுகையில் உளி பிடித்த கையைவிட உலோகத்தைத் திருப்பும் கைக்கே வேலை அதிகம். வெட்டிய பள்ளங்களில் சிலவேளை வண்ணமும் நிரப்பினர். அச்சிலிருந்து எழுத்தைச் சிறிதாக்கிப் பொறிக்கும் கருவி வைத்திருந்த கடைகளும் உண்டு. இரண்டையும் வேறுபடுத்துவது கோட்டின் தன்மையே. கருவியின் கோடு முழுதும் ஒரே தடிமனில் ஓடும். கையின் கோடு அழுத்தத்துக்கேற்பத் தடித்தும் மெலிந்தும் செல்லும்.

உறைகளில் காணப்படுவன பலவகை. வீரனின் பெயர், படைப்பிரிவின் சின்னம், பணியாற்றிய ஊர், ஆண்டு, வியட்நாமின் நிலப்படம் ஆகியவை ஒருபுறம். மறுபுறத்தில் விவிலிய வரிகளைத் திரித்த வாசகங்கள், மேலதிகாரிகள்மீதான கசப்பு, நிர்வாணப் பெண்ணுருவங்கள், சமாதானக் குறி. ஆணைக்கு அடங்கிய வீரன் வாய்விட்டுச் சொல்ல முடியாதவற்றை உலோகத்தில் சொல்லிவைத்தான். ஆங்கில எழுத்து கூடியும் குறைந்தும் பிழைபட்ட வாசகங்கள் உண்டு. சொன்னவரின் மொழி வெட்டியவரின் மொழியன்று என்பதற்கு அப்பிழைகளே தடயம்.

அதே லைட்டருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1965 ஆகஸ்டில் தா நாங் அருகே காம் நே என்னும் சிற்றூருக்குள் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையினர் நுழைந்தனர். சி.பி.எஸ். தொலைக்காட்சியின் செய்தியாளர் மார்லி சேஃபர் உடன் சென்றிருந்தார். வீரன் ஒருவன் லைட்டரை நீட்டிக் கூரைவீட்டுக்குத் தீயிடும் காட்சி அமெரிக்க வீடுகளில் ஒளிபரப்பாயிற்று. குடிசைகளை எரிக்கும் நடவடிக்கைகளுக்கு ஜிப்போவின் பெயரே வழங்கலாயிற்று; தீயுமிழும் பீரங்கி வண்டிகளும் ஆற்றுப் படகுகளும் அப்பெயரால் அழைக்கப்பட்டன. நகரத் தெருவில் ஒரு வியட்நாமியர் அழகுசெய்து கொடுத்த பொருளும் கிராமத்தில் இன்னொரு வியட்நாமியரின் வீட்டை எரித்த பொருளும் ஒரே வகையானவை. பொறித்தவர்கள் இதை எவ்வாறு எண்ணினார்கள் என்பதை உறைகளில் தேடிப் பயனில்லை. அங்கே இருப்பது கூலி கொடுத்தவனின் வாசகம்.

1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் வீழ்ந்தது. 1994-ல் அமெரிக்கா தன் வணிகத் தடையை நீக்கியது. சுற்றுலாப் பயணிகள் பெருகியபோது வீரர்கள் விட்டுச்சென்ற லைட்டர்களுடன் புதிதாகப் பொறித்துப் பழையதாக்கிய லைட்டர்களும் சந்தைக்கு வந்தன. அமெரிக்க ஓவியர் பிராட்ஃபோர்டு எட்வர்ட்ஸ் திரட்டிய தொகுப்பைக் கொண்டு ஷெர்ரி புக்கானன் எழுதிய நூல் 2007-ல் வெளிவந்தபின் இப்பொருள்மீதான ஆர்வம் மேலும் கூடியது.

உண்மையையும் போலியையும் பிரிக்க ஆய்வாளர் முதலில் பார்ப்பது லைட்டரின் அடிப்பகுதி. 1966-ல் தயாரானவற்றில் எட்டுச் செங்குத்துக் கோடுகள் இருக்கும். ஆண்டுக்கு ஒன்றாகக் குறைந்து 1973-ல் ஒரே கோடு எஞ்சும். ஆகவே இரண்டு கோடுள்ள 1972-ஆம் ஆண்டு லைட்டரில் 1968 என்று வெட்டியிருந்தால் ஐயம் எழ வேண்டும். இதற்கு எல்லையும் உண்டு. உண்மையான பழைய லைட்டரில் நேற்று வெட்டிய வாசகத்தை அடிக்கோடுகள் காட்டிக்கொடுக்கா.

போலி என்ற சொல்லையும் இங்கே சற்று நிறுத்திப் பார்க்கவேண்டும். சேகரிப்பவர் தேடுவது வீரனின் கையில் இருந்த பொருளை. அவ்வகையில் பின்னாளில் பொறித்தது போலிதான். இல்லாத ஒருவனின் துயரத்தைக் காசாக்குவது ஏமாற்றும் ஆகும். எனினும் கைவினையின் வரலாற்றை எழுதுபவருக்கு 1968-ல் வீரனுக்காக வெட்டிய கோடும் 1998-ல் பயணிக்காக வெட்டிய கோடும் ஒரே தொழிலின் இரு காலங்கள். இரண்டிலும் வாங்குபவன் அந்நியன், மொழி அந்நியம், கூலி மட்டுமே வெட்டியவருடையது.

லைட்டரின் அடியில் தொழிற்சாலையின் பெயர் இருக்கிறது. பக்கங்களில் வீரனின் பெயர் இருக்கிறது. மூன்றாமவரை அறிய எஞ்சியிருப்பவை தடித்து மெலியும் கோடும் பிழைபட்ட எழுத்தும்தாம். அருங்காட்சியகக் குறிப்புகள் வாசகத்தை மட்டும் படியெடுத்து வைக்காமல் வெட்டின் ஆழத்தையும் எழுத்தின் வடிவையும் பதிவுசெய்தால், ஒரே கையிலிருந்து வந்தவற்றையேனும் ஒருநாள் ஒன்றுசேர்க்க இயலும். பெயர் கிடைக்காவிடினும், ஒரு கை இருந்தது என்பதாவது வரலாற்றில் ஏறும்.