வணிகர் அவையும் வட்டார வளமும்

ஒருவர் தனித்துக் கூறுவது முறையீடு. பலர் கூடிக் கணக்கோடு கூறுவது வழக்கு. வணிகர் ஒன்றுகூடிப் பேசும் மரபு தமிழகத்திற்குப் புதிதன்று. மணிக்கிராமம், அஞ்சுவண்ணம், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் ஆகிய வணிகக் குழுக்களைக் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. சுமத்திராவின் பாரூஸ் பகுதியில் கிடைத்த கி.பி. 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, மரக்கலத்தோர் பொன்னாகச் செலுத்த வேண்டியதை ஐந்நூற்றுவர் வரையறுத்த செய்தியைத் தருகின்றது. கடல் கடந்த துறையிலும் தமக்கென நெறி வகுக்கும் வலிமை அவர்களுக்கு இருந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் அவ்வலிமை கைமாறியது. 1836இல் தோன்றிய சென்னை வர்த்தக சபை ஐரோப்பிய வணிகர்களின் அமைப்பாகும். துறைமுகம், இருப்புப்பாதை, சுங்கம் பற்றி அரசு கருத்துக் கேட்டபோது, அச்சபையின் சொல்லே முன்னின்றது. பொருளை விளைவித்தவரும் உள்ளூரில் திரட்டியவரும் பேச இடமின்றி இருந்தனர்.

1906 அக்டோபரில் சென்னையின் புகழ்பெற்ற ஆர்பத்நாட் நிறுவனம் முறிந்தது. அதை நம்பிப் பணம் இட்ட பல குடும்பங்கள் தம் சேமிப்பை இழந்தன. இவ்வதிர்ச்சியும் சுதேசி உணர்வும் கூடியதன் பயனாக, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது. 1909இல் தென்னிந்திய வர்த்தக சபை நிறுவப்பெற்றது. நெசவுத் தொழிலில் ஈடுபட்டிருந்த பிட்டி தியாகராய செட்டியார் அதன் முதல் தலைவரானார். உள்நாட்டு வணிகர்க்குக் கடன் தர ஒரு வங்கியும், அவர்க்காகப் பேச ஓர் அவையும் ஈராண்டு இடைவெளியில் அமைந்தன.

வர்த்தக சபை தானே பொருள் விற்பதில்லை. சரக்குக் கட்டணத்தையும் வரியையும் ஆராய்ந்து அரசுக்கு விண்ணப்பிக்கும். ஏற்றுமதிப் பொருள் விளைந்த நாட்டிற்குச் சான்றிதழ் வழங்கும். வணிகரிடையே எழும் பிணக்கை நீதிமன்றப் படி ஏறாமலே தீர்த்துவைக்கும். இச்சிறு பணிகளாலேயே நம்பிக்கை வளர்கின்றது. நம்பிக்கை வளருமிடத்தில் முதலீடு வந்து சேர்கின்றது.

அவையின் குரல் உழவர் வீடு வரை எட்டும் என்பதற்கு நாணய மாற்று வழக்கே சான்று. முன்னர் 16 பென்சாக இருந்த ரூபாயின் மதிப்பை, 1927இல் அரசு 18 பென்சாக நிலைநிறுத்தியது. 16 பென்சுக் கணக்கில் ஒரு பவுனுக்குப் பதினைந்து ரூபாய் கிடைக்கும். 18 பென்சுக் கணக்கிலோ பதின்மூன்று ரூபாய் ஐந்தணா நான்கு பையே கிடைக்கும். தென்னார்க்காட்டு நிலக்கடலை ஐரோப்பாவிற்குச் சென்ற காலம் அது. வெளிநாட்டில் விலை குறையாதபோதும் ஊரில் கையில் விழும் பணம் குறைந்தது. புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸ் முதலிய இந்திய வணிகத் தலைவர்கள் இதை எதிர்த்து வாதாடினர். அதே 1927இல் இந்திய வர்த்தக, தொழில் சபைகளின் கூட்டமைப்பும் உருவாயிற்று. அவ்வழக்கில் அவர்கள் வெல்லவில்லை. ஆயினும் வெள்ளையர் கணக்கிற்கு எதிராக இந்தியர் கணக்கு ஒன்று அரங்கேறியது.

எந்த அவையும் அதில் அமர்ந்தோர் நலத்தையே முதலில் காணும். ஆகவே வட்டாரம் வளர வேண்டுமாயின், பெருவணிகர் அருகே சிறுகடைக்காரரும் நெசவாளரும் விளைபொருள் விற்போரும் அமர இடம் வேண்டும். படித்து முடித்துத் தொழிலில் இறங்கும் இளைய தலைமுறையினர் தத்தம் ஊரின் சங்கத்தில் உறுப்பினராகி, கூட்டங்களுக்குச் சென்று, கணக்கோடு பேசப் பழகுவார்களாக.