டைப் அடிக்கத் தெரியுமா?

சட்டம் படிச்ச என் அக்கா பொண்ணு போன வாரம் ஒரு வக்கீல் நிறுவனத்துக்கு இன்டர்வியூ போயிருந்தா. மார்க் ஷீட்டைப் பார்த்துத் தலையாட்டிட்டு, "கல்யாணம் எப்போ?"ன்னு கேட்டாங்களாம். "அப்ப மார்க்குக்கு என்ன மாமா மதிப்பு?"ன்னு போன்ல பொரிஞ்சு தள்ளிட்டா. எனக்கு ஒரு பழைய அமெரிக்கக் கதை ஞாபகம் வந்தது.

19ஆம் நூற்றாண்டு நியூயார்க்கில் வக்கீல் ஆபீஸில் சேரணும்னா யாராவது சிபாரிசு வேணும். சம்பளம் பெரும்பாலும் கிடையாது. தொழில் கத்துக்கிறதே கூலி. நம்ம ஊர் ஜூனியர்கள் பாடு மாதிரியேதான்னு வச்சுக்குங்களேன். 1899ல் ஒரு நிறுவனத்தில் சேர்ந்த பால் கிரவாத் இதை மாற்றினார். பெரிய சட்டக் கல்லூரிகளில் நல்ல மார்க் வாங்கினவனைப் படிப்பு முடிஞ்ச கையோடு எடு, சம்பளம் கொடு, பழக்கு. தேறினவனைப் பங்குதாரர் ஆக்கு, மற்றவனை அனுப்பிடு. இதுதான் 'கிரவாத் முறை'. மற்ற பெரிய நிறுவனங்களும் இதையே பிடித்துக்கொண்டன.

'வாங்கினவன்', 'தேறினவன்'னு நான் எழுதினது தெரியாமல் இல்லை. அப்படித்தான் இருந்தது.

1952ல் ஸ்டான்ஃபோர்டில் முன்வரிசையில் தேறிய சாண்ட்ரா டே ஓ'கானருக்கு, லாஸ் ஏஞ்சலஸின் கிப்சன் டன் நிறுவனம் டைப் அடிக்கத் தெரியுமான்னு விசாரித்து, தருவதாகச் சொன்னது செக்ரட்டரி வேலை! வேண்டாம்னு சொல்லிட்டு, ஒரு கவுண்டி அரசு வக்கீல் அலுவலகத்தில் முதலில் சம்பளமே இல்லாமல் வேலைக்குச் சேர்ந்தார். 1959ல் கொலம்பியாவில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட ரூத் பேடர் கின்ஸ்பர்குக்கும் நியூயார்க் நிறுவனங்கள் கதவைத் திறக்கவில்லை.

1964ல் வேலையில் பாகுபாடு கூடாதுன்னு சட்டம் வந்தது. வக்கீல்களுக்குத்தானே சட்டம் நல்லாத் தெரியும்? ஆனாலும் அசையலை. 1970களில் நியூயார்க் சட்ட மாணவிகளே பெரிய நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்டார்கள். சல்லிவன் அண்ட் கிராம்வெல் 1977ல் சமரசத்துக்கு வந்தது. சேர்த்துக்கொண்ட பிறகும் பங்குதாரர் ஆக்கணுமே? அட்லாண்டாவின் கிங் அண்ட் ஸ்பால்டிங் தன்னை ஆக்கவில்லை என்று எலிசபெத் ஹிஷன் உச்ச நீதிமன்றம் வரை போனார். பங்குதாரர் ஆக்குவதற்கும் அந்தச் சட்டம் பொருந்தும் என்று 1984ல் நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்.

அந்த நீதிபதிகளில் ஒருவர் ஓ'கானர். 1981ல் அவரை அந்தப் பதவிக்காகக் கூப்பிட்டுப் பேசிய அட்டர்னி ஜெனரல் வில்லியம் ஃப்ரெஞ்ச் ஸ்மித், முன்பு கிப்சன் டன்னில் பங்குதாரராக இருந்தவர்!

மார்க் கதவு வரைக்கும்தான் கொண்டுபோய் விடும். கதவைத் திறந்தது யாருடைய பெருந்தன்மையும் இல்லை. தட்டியவர்கள் போட்ட வழக்குகள். இதைத்தான் அவகிட்ட சொன்னேன். "அடுத்த இன்டர்வியூல கேட்டா, அந்தக் கேள்விக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம்னு திருப்பிக் கேட்கிறேன் மாமா"ன்னா.

கேட்பா. எங்க அக்கா வளர்ப்பு அப்படி.